சொந்தப் புத்தகத்தைத் தெருவில் விற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு வருடங்களுக்கு முன்னால் என் சிறுகதைத் தொகுப்பை நானே அச்சிட்டு வெளியிட்டேன். பக்கிங்ஹாம் கால்வாய்க் கரையில் வளர்ந்தவர்களைப் பற்றிய 11 கதைகள், 160 பக்கம், விலை 180 ரூபாய். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, சென்னை திருவல்லிக்கேணி பாரதி சாலை பிளாட்பாரத்தில், பழைய புத்தகக் கடைக்காரர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதை விற்கிறேன். சொந்தச் செலவில் புத்தகம் போட்டவர்களும் போடப்போகிறவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கடைகளுக்குக் கொடுத்தால் விற்றுத் தருவார்களே, தெருவுக்கு ஏன் போக வேண்டும்?

முதல் காரணம் கணக்கு. 500 பிரதி அச்சிட எனக்கு 36,000 ரூபாய் ஆனது. லே-அவுட், பிழை திருத்தம், அட்டைப்படம் எல்லாம் சேர்த்து 9,000. ஆக 45,000; ஒரு பிரதிக்கு 90 ரூபாய். கடைக்கு 40 சதவீதம் கழிவு கொடுத்தால் 180 ரூபாய்ப் புத்தகத்துக்கு என் கைக்கு வருவது 108. அதாவது ஒரு பிரதிக்கு 18 ரூபாய் மிச்சம். அதுவும் விற்ற பிறகு, பில் போட்டு, நாலு தடவை போன் செய்து, சில மாதம் கழித்து வரும். தெருவில் 180 ரூபாயும் அன்றைக்கே வருகிறது. போட்ட பணத்தை எடுக்கத் தெருவில் 250 பிரதி விற்றால் போதும். கடை வழியாக 417 பிரதி விற்க வேண்டும். முதல் புத்தகம் போட்ட, பெயர் தெரியாத ஒருத்தியின் 417 பிரதியைக் கடை அலமாரி தானாக விற்றுத் தராது. முதுகுப்பக்கம் மட்டும் தெரிகிற மாதிரி இரண்டு பிரதி செருகி வைப்பார்கள். அதற்கு மேல் அவர்களாலும் முடியாது, அவர்களிடம் ஆயிரக்கணக்கான புத்தகங்கள் இருக்கின்றன.

இரண்டாவது காரணம் எனக்கு முதல் காரணத்தை விடப் பெரியது. புத்தகக் கடைக்குள் நுழைகிறவர் புத்தகம் வாங்கத்தான் வருகிறார். தெருவில் வருகிறவர் பால் வாங்க வருகிறார், கோயிலுக்குப் போகிறார், பைக்குக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருக்கிறார். அவர் என் புத்தகத்தைக் கையில் எடுக்கிறார் என்றால், வேறெந்த வழியிலும் எனக்குக் கிடைக்காத ஒரு வாசகர் அவர். என் கதைகள் யாரைப் பற்றியவையோ அவர்கள் கடைக்கு வருவதில்லை. இந்தச் சாலையில் நடக்கிறார்கள்.

எழுதுகிறவர் தெருவில் உட்கார்ந்து விற்பது கௌரவக் குறைச்சல் இல்லையா?

என் அப்பாவும் இதைத்தான் கேட்டார். அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தமிழில் அச்சுப் புத்தகத்துக்கும் தெருவுக்கும் உள்ள உறவு பழையது. சென்னை குஜிலி பஜாரை மையமாக வைத்துக் காலணா, அரையணா விலையில் பாட்டுப் புத்தகங்கள் வெளிவந்துகொண்டிருந்த காலம் ஒன்று உண்டு. கொலை நடந்தால் அதைப் பற்றி ஒரு சிந்து, வெள்ளம் வந்தால் ஒரு பாட்டு, ரயில் கவிழ்ந்தால் ஒரு பாட்டு. பாட்டைக் கட்டியவர்களே முச்சந்தியிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்றதும் உண்டு. படிக்கத் தெரியாதவர்கள்கூடக் கேட்டுவிட்டு வாங்கிப்போய், படிக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வார்களாம்.

உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிப்பதற்கு முன், வாங்குவதாக ஒப்புக்கொள்பவர்களிடம் கையொப்பம் வாங்க அலைந்தவர். சி.சு. செல்லப்பா தான் நடத்திய 'எழுத்து' பிரசுரத்தின் புத்தகங்களைக் கட்டாகக் கட்டித் தூக்கிக்கொண்டு, ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கடைசிக் காலத்தில் 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலையும் தானே வெளியிட்டார். 1998-இல் அவர் காலமானார், அந்த நாவலுக்கு 2001-இல் சாகித்திய அகாதமி விருது வந்தது. இந்த இருவருமே திருவல்லிக்கேணிப் பிள்ளையார் கோயில் தெருவில் வாழ்ந்தவர்கள். நான் தார்ப்பாய் விரிக்கிற இடத்திலிருந்து நடந்து போகிற தூரம்தான். அவர்களோடு என்னை ஒப்பிடவில்லை. ஆனால் புத்தகத்தைச் சுமந்து போய் விற்பதில் என்ன இழுக்கு என்று யாராவது கேட்டால், எனக்கு அந்தத் தெரு நினைவுக்கு வரும்.

எங்கே வேண்டுமானாலும் உட்காரலாமா? சட்டம் என்ன சொல்கிறது?

உட்கார முடியாது. தெருவில் வியாபாரம் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட அடிப்படை உரிமை என்று 1989-இல் சோதன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2014-இல் தெரு வியாபாரிகளுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது. அதன்படி ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழு இருக்க வேண்டும், அதில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும். கணக்கெடுப்பு நடத்தி விற்பனைச் சான்றிதழ் தருவார்கள். நிரந்தரமாகத் தெருவில் விற்கப்போகிறீர்கள் என்றால் அந்தச் சான்றிதழுக்கு மனுச் செய்யுங்கள்.

ஒன்றை முக்கியமாகக் கவனியுங்கள்: அந்தச் சட்டம் ரயில்வே இடங்களுக்கும் ரயில்களுக்கும் பொருந்தாது. ரயில்வே சட்டத்தில் உரிமமில்லாமல் விற்பது தனிக் குற்றம். மின்சார ரயிலில் போகும்போது பையில் இருக்கிற புத்தகத்தை எடுத்து விற்க ஆசை வரும், எனக்கும் வந்தது. செய்யாதீர்கள்.

நடைமுறையில் சட்டத்தை விட முக்கியம், அங்கே ஏற்கனவே இருப்பவர்களின் சம்மதம். என் பக்கத்துக் கடைக்காரர் முப்பது வருடத்துக்கு மேல் பழைய புத்தகம் விற்கிறவர். "பாய், ஒரு தார்ப்பாய் அளவு இடம் வேணும், ஞாயித்துக்கிழமை மட்டும்" என்று கேட்டேன். ஒரு பிரதியை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பைண்டிங்கை விரித்துப் பார்த்தார். "நல்லாத் தச்சிருக்காங்கமா, உட்காரு" என்றார். அவர் இடத்தின் ஓரத்தில், அவர் பேரைச் சொல்லித்தான் உட்காருகிறேன். முதலில் வேறோர் ஊரில், தேரோடும் வீதியில் யாரையும் கேட்காமல் கடை விரித்து, அரை மணி நேரத்தில் எழுப்பிவிடப்பட்ட பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது. நடப்பவர்களுக்குப் பாதி பிளாட்பாரத்தையாவது விட்டு உட்காருங்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் போக வேண்டும்.

ஜிஎஸ்டி, ஐஎஸ்பிஎன் எல்லாம் வேண்டுமா?

அச்சிட்ட புத்தகத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. ஐஎஸ்பிஎன், அதாவது புத்தகத்தை அடையாளம் காட்டுகிற எண், சட்டப்படி கட்டாயம் இல்லை, ஆனால் வாங்கிவிடுங்கள். ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை வழியாக இலவசமாகவே தருகிறார்கள், தனி எழுத்தாளரும் விண்ணப்பிக்கலாம். இதற்குப் பணம் கேட்கிறவர்களிடம் கொடுக்காதீர்கள்.

பலரும் மறக்கிற ஒன்று: 1954-ஆம் வருடச் சட்டப்படி, வெளியிட்ட 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம் ஆகிய நான்குக்கும் ஒவ்வொரு பிரதி நம் செலவில் அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு நானே நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். 1896-இல் திறந்த நூலகம் அது. நான் இல்லாமல் போன பிறகும் என் புத்தகத்தில் ஒரு பிரதி அங்கே இருக்கும் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

என்னென்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

40 பிரதி. என் புத்தகம் ஏறக்குறைய 190 கிராம், 40 என்றால் ஏழரை கிலோ. தோளில் தாங்கும். அதற்கு மேல் தூக்கிப் போய்த் திருப்பிக் கொண்டு வருவது முதுகுக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது. தார்ப்பாய், அதன் மேல் விரிக்க ஒரு வெளுத்த காட்டன் சேலை, தூசி துடைக்கத் துணி, மழைக்குப் பெரிய பாலிதீன் ஷீட், பத்து ரூபாய்த் தாள் இருபது. கியூஆர் கோடு அட்டையை எல்லாரும் கொண்டு போகிறார்கள், சில்லறையைத்தான் மறக்கிறார்கள். வயதானவர்கள் இன்னும் 200 ரூபாய்த் தாள்தான் நீட்டுகிறார்கள்.

அப்புறம், 'படிக்க மட்டும்' என்று எழுதி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு பிரதி. மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். புதுப் பிரதியை எடுத்தால் அழுக்காகிவிடுமோ, வாங்கச் சொல்வார்களோ என்று தயங்கித் தயங்கிப் பலர் போய்விடுவார்கள். அழுக்கான ஒரு பிரதி அங்கே கிடந்தால் கை தானாக நீளும்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஏழரைக்குள் போய்விடுவேன். ஐப்பசியிலிருந்து மாசி வரை சாலையின் தென் பக்கம் கட்டட நிழல் நன்றாகக் கிடைக்கும். சித்திரை, வைகாசியில் சூரியன் நேரே தலைக்கு வந்துவிடுவதால் அந்த நிழலும் இல்லை. அந்த இரண்டு மாதமும் மாலை மட்டும்தான் உட்காருவேன்.

எட்டிலிருந்து பத்து வரை மேன்ஷன் பையன்கள். திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் அறை எடுத்துப் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஞாயிறு காலை டீ குடிக்க இறங்குவார்கள். "அக்கா, குரூப் ஃபோர் புக் இருக்கா?" என்று பத்துப் பேர் கேட்பார்கள். பாயிடம் அனுப்பிவிடுவேன். பதினோராவது பையன் உட்கார்ந்து படிக்க ஆரம்பிப்பான். அப்படி ஒருவன் நாலு ஞாயிற்றுக்கிழமைகளில், டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே, தொகுப்பு முழுவதையும் படித்து முடித்தான். எந்தக் கதையில் விட்டான் என்பதற்கு ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகி வைத்துவிட்டுப் போவான். நானும் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டேன். கடைசிக் கதை முடிந்த அன்றைக்கு, "ஏழாவது கதையில அந்தப் பாட்டி செத்திருக்கக் கூடாதுக்கா" என்றான். அவன் வாங்கவில்லை, அவனிடம் அதற்குப் பணம் இல்லை. என் புத்தகத்தை அவனை விடக் கவனமாகப் படித்தவர் யாரும் இருப்பார்களா என்று தெரியவில்லை.

பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் விற்பனை. பழைய புத்தகம் தேடி வருகிறவர்கள் அப்போதுதான் வருவார்கள். குனிந்து குனிந்து பார்க்கிற அவர்கள் கண்ணில் என் கதைகளும் படும். முதல் விற்பனை ஆகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பாய், "போணி ஆச்சாமா?" என்று கேட்பார். ஆகவில்லை என்றால் தன்னிடம் வருகிறவர்களிடம், "அந்தப் பொண்ணு எழுதினது, பாருங்க" என்று கை காட்டுவார். ஒரு எழுத்தாளருக்கு இதைவிட நல்ல மதிப்புரை வேண்டுமா?

பன்னிரண்டிலிருந்து நாலு வரை ஒன்றும் நடக்காது. தயிர்சாதம், ஒரு குட்டித் தூக்கம், நோட்டில் இரண்டு வரி. சேப்பாக்கத்தில் மேட்ச் இருந்தால் கூட்டம் நெருக்கும், ஆனால் ஒருவரும் நிற்க மாட்டார்கள். அன்றைக்குப் போகாமல் இருப்பது நல்லது. நாலரைக்கு மேல் கடற்கரைக்குப் போகிற குடும்பங்கள். குழந்தைகள் புத்தகத்தை எடுக்கும், அம்மாக்கள் கீழே வைக்கச் சொல்வார்கள். சில அம்மாக்கள் தாங்களே எடுத்துப் பிரித்துப் பார்ப்பார்கள், கணவர் நாலடி தள்ளி நின்று கடிகாரம் பார்ப்பார். அந்த அம்மாக்களில் வாங்கியவர்கள் பலர். ஏழு மணிக்குக் கட்டிவிடுவேன்.

என்ன சொல்லி விற்பது?

முதல் மூன்று மாதம் எழுந்து நின்று கூப்பிட்டேன். "சார், ஒரு நிமிஷம் பாருங்க சார்" என்றால் மனிதர்கள் ஓரமாக விலகிப் போகிறார்கள். கண்ணைப் பார்த்துவிட்டால் வாங்கியாக வேண்டுமோ என்ற பயம். அதை விட்டுவிட்டேன்.

இப்போது அவர்களாகக் கையில் எடுக்கும் வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை. எடுத்ததும், "நான் எழுதினது. கால்வாய்க் கரைக் கதைகள். இந்தக் கதை நாலே பக்கம், நின்னு படிச்சுப் பாருங்க" என்று ஒரே ஒரு கதையைக் காட்டுவேன். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். இது மிக முக்கியம். எழுதியவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒருவராலும் படிக்க முடியாது. முதல் பக்கம் தாண்டி இரண்டாவது பக்கம் புரட்டுகிற சத்தம் கேட்டால் பாதி கிணறு தாண்டிவிட்டோம்.

படித்துவிட்டு வைத்துவிட்டுப் போனாலும் முகம் சுளிக்காதீர்கள். நாலு பக்கம் படித்திருக்கிறார். நாம் எழுதியது அதற்காகத்தானே.

விலை குறைத்துக் கேட்டால்?

கேட்பார்கள். பக்கத்திலேயே பாதி விலைக்குப் பழைய புத்தகம் கிடைக்கும்போது கேட்காமல் என்ன செய்வார்கள்? புத்தகக் காட்சியிலேயே 10 சதவீதம் தள்ளுபடி உண்டு என்பதும் எல்லாருக்கும் தெரியும். நான் ஒரு சின்ன அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்: விலை 180, மாணவர்களுக்கு 150. அடையாள அட்டை எல்லாம் கேட்பதில்லை. மாணவன் என்று சொன்னால் மாணவன். அட்டையில் எழுதியிருப்பதால் பேரம் நின்றுவிட்டது. முழு விலை கொடுத்தவர், பின்னால் வந்தவர் 120-க்கு வாங்கிப் போவதைப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்? இலவசமாகக் கொடுப்பது படிப்பகங்களுக்கும் பள்ளி நூலகங்களுக்கும் மட்டும். தெரிந்தவர்களுக்குக் கொடுத்த இலவசப் பிரதிகள் பிரிக்காமலே கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

பெண்கள் தனியாக உட்கார முடியுமா?

முடியும், ஆனால் யோசித்துச் செய்ய வேண்டும். முதல் சிக்கல் கழிப்பறை. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. ஆரம்பத்தில் தண்ணீரே குடிக்காமல் சமாளித்து, நீர்க்கடுப்பு வந்து பத்து நாள் அவதிப்பட்டேன். உடம்பைக் கெடுத்துக்கொண்டு விற்க வேண்டிய அளவுக்கு எந்தப் புத்தகமும் பெரியதில்லை. எதிர்ச்சந்தில் பூ விற்கிற அக்கா ஒருவர் தன் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். அன்றைக்குத்தான் இந்தத் தெருவில் எனக்கு இடம் கிடைத்தது என்று நினைக்கிறேன். ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பக்கத்தில் பெண் வியாபாரிகள் இருக்கிறார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது, உங்கள் சொந்த எண்ணைப் புத்தகத்தில் போடாதீர்கள். நான் போட்டேன். இரவு பதினொரு மணிக்குக் கதையைப் பாராட்ட அழைத்தவர்கள் எல்லாரும் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை. விற்பனைக்கென்று தனி எண் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நல்ல விஷயமும் உண்டு. 2021-இலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. போக வர ஆட்டோ பிடித்திருந்தால் இரண்டு புத்தகம் விற்ற லாபம் அதற்கே சரியாகப் போயிருக்கும்.

ஜனவரியில் புத்தகக் காட்சிக்கு வெளியே உட்காரலாமா?

1977-இல் தொடங்கிய சென்னைப் புத்தகக் காட்சியில் ஒரே ஒரு புத்தகம் வைத்திருக்கிறவர் தனி ஸ்டால் எடுப்பது கட்டுப்படியாகாது. நந்தனத்தில் நடக்கும்போது வெளியே பிளாட்பாரத்தில் பழைய புத்தகக் கடைகள் போடுவார்கள், நானும் இரண்டு வருடமும் போனேன். கூட்டம் அதிகம்தான். ஆனால் உள்ளே கை நிறைய வாங்கிக்கொண்டு வெளியே வருகிறவரிடம் பணமும் இல்லை, பொறுமையும் இல்லை. உள்ளே போகிறவர்கள் பக்கம் உட்காருங்கள்.

ஒரு நாளைக்கு எத்தனை விற்கும்?

எனக்குச் சராசரியாக ஏழு. ஒன்றுகூட விற்காத ஞாயிறுகள் மூன்று உண்டு. 19 விற்ற ஒரு ஞாயிறும் உண்டு, காரணம் இன்னும் தெரியவில்லை. இரண்டு வருடத்தில் தெருவில் மட்டும் 340-க்கு மேல். தபாலில் 80 போனது. இப்போது அஞ்சல் துறையின் ஞான் போஸ்ட் என்ற புத்தகத் தபால் சேவை வந்திருக்கிறது. தகுதியான புத்தகம் என்றால் 300 கிராம் வரை வரி நீங்கலாக 20 ரூபாய். போட்ட பணம் திரும்பிவிட்டது, கொஞ்சம் மேலேயும் வந்தது. என் ஞாயிற்றுக்கிழமைகளுக்குக் கூலி போட்டுப் பார்த்தால் நஷ்டம்தான். நான் போட்டுப் பார்ப்பதில்லை.

இரண்டாம் பதிப்பு வருமா?

வரும். 38 பிரதிதான் மிச்சம். ஆனால் ஒரு கதையைத் திருத்தாமல் அச்சுக்குக் கொடுக்கப்போவதில்லை.

போன கார்த்திகையில் எழுபது எண்பது வயதுப் பெரியவர் ஒருவர், கடற்கரையிலிருந்து திரும்புகிற வழியில் நின்றார். குனிய முடியவில்லை. நான் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, புத்தகத்தைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, முதல் கதையை வாய் அசைய அசையப் படித்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதில் சவுக்குக் கட்டை ஏற்றிக்கொண்டு கால்வாயில் படகு வருகிற காட்சி ஒன்று இருக்கிறது. அதை என் பெரியம்மா சொல்லக் கேட்டுத்தான் எழுதினேன்.

"படகு வந்ததெல்லாம் சரி. துடுப்புப் போட்டான்னு எழுதியிருக்கியேமா" என்றார். "கட்டைப் படகுக்கு யாரு துடுப்புப் போட்டா? கழி ஊன்றித் தள்ளுவாங்க. காத்து இல்லன்னா கரையில இறங்கிக் கயிறு கட்டி இழுப்பாங்க. எங்கப்பா தோள்ல அந்தக் கயிறு அறுத்த தழும்பு இருந்துச்சு."

நோட்டில் எழுதிக்கொண்டேன். அவர் 200 ரூபாய் கொடுத்தார். மீதி 20 ரூபாயை நீட்டினேன். அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவை போடும்போது சரியாப் போடு, நான் வந்து பார்ப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். துடுப்பு வருகிற அந்த மூன்று வரியையும் மாற்றி எழுதிவிட்டேன். தை பிறந்ததும் அச்சுக்குப் போகும்.